பாண்டி, கடலூரிலிருந்து ஏற்காடு: கையைக் கடிக்காத கோடை விடுமுறைக்கு ஒரு விமர்சனம்

கத்திரி வெயில் தொடங்கியதும் பாண்டி, கடலூர் வீடுகளில் பேச்சு ஊட்டியா, கொடைக்கானலா என்றுதான் ஆரம்பிக்கும். பணம் பெரிதில்லை என்றால் இரண்டும் நல்ல ஊர்தான். நாலு பேர் உள்ள குடும்பம், இரண்டு ராத்திரி, பதினோராயிரம் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஏற்காட்டை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை. ஊட்டி பாண்டியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். சேலம் ஏறக்குறைய 210 கிலோமீட்டர்தான், அங்கிருந்து மலை மேல் 30 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம்.

இன்னொரு வசதி, இ-பாஸ் தொல்லை இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025-ல் அதற்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வால்பாறையும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பாஸ் கிடைக்கும் தேதிக்கு அறை கிடைக்காது, அறை கிடைக்கும் தேதிக்கு பாஸ் இருக்காது என்ற இழுபறி ஏற்காட்டுக்குப் போகிறவருக்கு இல்லை.

அதற்காக ஏற்காட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. ஏரி சின்னது. அருவி கோடையில் காய்ந்து கிடக்கும். பார்க்கும் இடங்களை ஒரே நாளில் முடித்துவிடலாம். இங்கே காசு கொடுத்து வாங்குவது குளிர்ச்சியையும் காற்றையும்தான். இதை மனதில் வைத்துத் திட்டமிட்டால் செலவு தானாகக் குறையும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் காசும் போகும், களைப்பும் வரும்.

அந்தக் குளிர்ச்சியும் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. ஊர் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேலம் 280 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சேலத்தில் 38 அடிக்கும் நாளில் ஏற்காட்டில் 30-ஐ ஒட்டி இருக்கும். மே மாத நடுப்பகலில் ஸ்வெட்டர் போடும் குளிர் கிடையாது, வெயிலில் நின்றால் சுடும். ஆனால் கடலோரத்தின் கசகசப்பு இல்லை, நிழலுக்குப் போனதும் உடம்பு ஆறிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கதையே வேறு. ராத்திரி ஃபேன் போடாமல் போர்த்திக்கொண்டு தூங்கலாம். ஏசி அறைக்கு அதிகம் கொடுக்கவே வேண்டாம். சீசனில் லாட்ஜ்காரர் முதலில் காட்டுவது அந்த அறையைத்தான்.

எப்போது போவது

திங்கள் முதல் வியாழன் வரை. இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பாதிச் செலவு மிச்சம். வார நாளில் ஆயிரத்து ஐநூறு, ஆயிரத்து எண்ணூறு சொல்லும் சாதாரண இரட்டை அறைக்கு சீசன் சனிக்கிழமை இரண்டு மடங்கு, சில நேரம் மூன்று மடங்கு கேட்பார்கள். சேலம், ஈரோடு, பெங்களூரு வண்டிகள் எல்லாம் வெள்ளி ராத்திரி ஏறி ஞாயிறு மாலை இறங்கும். நீங்கள் ஞாயிறு மதியம் ஏறினால், கீழே இறங்கும் நெரிசல் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். அறைகளும் அப்போதுதான் காலியாகும்.

கோடை விழாவும் மலர்க் காட்சியும் வழக்கமாக மே பிற்பகுதியில் நடக்கும். 2025-ல் மே 23 அன்று தொடங்கியது. அண்ணா பூங்காவில் பூக்களால் செய்த உருவங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாரம் அறை, ஜீப், சாப்பாடு எல்லாமே விலை ஏறிவிடும். பூதான் பார்க்க வேண்டும் என்றால் விழா முடிந்த மறுநாளே போகலாம். பூங்காவில் நட்டு வளர்த்த செடிகள் எங்கும் போய்விடாது. சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில்தான் வரும். அந்த நாளில் கோயில் மலைப் பக்கம் வண்டி நகராது.

கடலூரிலும் பாண்டியிலுமாகப் பிரிந்து கிடக்கும் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாண்டி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிய பிறகு ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அதே ஏப்ரல் கடைசியில்தான் பரீட்சை முடிகிறது. அக்கா பிள்ளையும் தம்பி பிள்ளையும் சேர்ந்து போவதென்றால் இரண்டு பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்து மே முதல் இரண்டு வாரங்களில் தேதி குறிப்பதே நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு ஜூன் இரண்டாம் வாரம் அருமை. அறை விலை இறங்கியிருக்கும், மேகமும் மேலே வந்திருக்கும்.

போக்குவரத்து: பணம் ஓட்டையாக ஒழுகும் இடம்

மூன்று நாளைக்கு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. பட்ஜெட் உடைவதும் அங்கேதான். எப்படி என்று பார்க்கலாம். பாண்டியிலிருந்து ஏற்காடு போய் வர ஏறக்குறைய 480 கிலோமீட்டர், மேலே சுற்ற ஒரு 80. மொத்தம் 560. ஆனால் டிராவல்ஸ்காரர்கள் நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பார்கள், சிலர் 300. மூன்று நாளுக்கு 750. ஓடாத 190 கிலோமீட்டருக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் 10,500. அதன் மேல் டிரைவர் பேட்டா மூன்று நாள், மலை ஏறியதற்குத் தனி, டோல், பார்க்கிங். பாண்டி பதிவு எண் கொண்ட டாக்சி என்றால் தமிழ்நாட்டுக்கான பெர்மிட் கட்டணமும் தனியாகச் சேரும். இதை முதலிலேயே கேட்காவிட்டால் கடைசி பில்லில்தான் தெரியும். இரண்டாம் நாள் பூராவும் அந்த கார் காட்டேஜ் வாசலில் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

பஸ்ஸில் போனால் கணக்கே வேறு. பாண்டியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலத்துக்கு நேர் பஸ் உண்டு. கடலூரிலிருந்து நெய்வேலி, விருத்தாசலம், சின்னசேலம் வழியாகப் போகலாம், ஏறக்குறைய 190 கிலோமீட்டர். தமிழ்நாடு அரசு எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்கு 2018 கட்டணத் திருத்தப்படி கிலோமீட்டருக்கு 75 பைசா. 210 கிலோமீட்டருக்கு ஆளுக்கு 160-ஐ ஒட்டி வரும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வரை அரை டிக்கெட். இரண்டு பெரியவர், இரண்டு அரை டிக்கெட் என்றால் சேலம் வரை ஐநூறு ரூபாய்க்குள். புது பஸ் ஸ்டாண்டிலேயே ஏற்காடு பஸ் நிற்கும், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். குடும்பமே போய் வர ஆயிரத்து இருநூறு, முந்நூறில் முடிந்துவிடும்.

நேரமும் தோதாக அமையும். அதிகாலை ஐந்து மணிக்கு ஏறினால் பதினொன்றுக்குள் சேலம். அங்கே இட்லியோ பரோட்டாவோ முடித்துவிட்டு பஸ் மாறினால், லாட்ஜ்களில் அறை கொடுக்கும் பன்னிரண்டு, ஒரு மணிக்குச் சரியாக மேலே நிற்கலாம். ராத்திரி பஸ் ஏறி விடிகாலையில் போய் இறங்குவது புத்திசாலித்தனம் போலத் தெரியும். பிள்ளைகளையும் மூட்டைகளையும் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் ஆறு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் அரை நாள் வாடகை கூடுதலாகக் கேட்பார்கள். சென்னை எழும்பூரிலிருந்து சேலம் போகும் இரவு ரயில் விழுப்புரம், விருத்தாசலம் வழியாகப் போகிறது. அதிலும் இதே தொல்லைதான். கடலூர் துறைமுகம் வழியாகப் போகும் காரைக்கால்–பெங்களூரு ரயில் பகலில் ஓடுவது. முதுநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அது சௌகரியம்.

சொந்த கார் உள்ளவர்கள் தாராளமாக எடுத்துப் போகலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு மொத்தம் 37, 38 லிட்டர் ஆகும். பாண்டியில் பெட்ரோல் தமிழ்நாட்டைவிடச் சில ரூபாய் குறைவு, கிளம்பும் முன்பே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி என்று மூன்று டோல். கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சின்னசேலத்தில் போய்ச் சேர்கிறவர்கள் வீரசோழபுரத்தைத் தொட வேண்டியதில்லை. பாண்டி விலையில் வாங்கிய சரக்கை டிக்கியில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் பிடித்தால் வழக்கு மட்டுமல்ல, வண்டியும் போகும். விடுமுறை அங்கேயே முடிந்துவிடும்.

மலைப் பாதை

சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். இன்னொரு பாதை குப்பனூர் வழி. ஆத்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள் சேலம் ஊருக்குள் போகாமலே அயோத்தியாப்பட்டணம் அருகில் அதற்குத் திரும்பலாம். வரைபடச் செயலி அந்த வழியைத்தான் குறுக்கு வழி என்று காட்டும். ஆனால் அது குறுகலும் செங்குத்துமான பாதை. மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் சேலம் சுற்றியே ஏறட்டும், அரை மணி நேரம் போனால் போகிறது. கூட்ட நாட்களில் ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் மட்டும் என்று போலீஸ் மாற்றிவிடுவதும் உண்டு.

சமவெளி டிரைவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இறங்கும்போதுதான். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். எட்டுப் பத்து வளைவு தாண்டியதும் சக்கரத்திலிருந்து ரப்பர் கருகும் வாடை வரும். பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகிறது என்பதற்கான அறிகுறி அது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், இரண்டாவது, செங்குத்தில் முதலாவது. வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி இருபது நிமிஷம் ஆறவிட வேண்டும், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏறும்போது வெப்ப முள் மேலே போனால் ஏசியை நிறுத்துங்கள். வளைவில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. 2024 ஏப்ரல் 30 அன்று இதே சாலையின் 13-ஆவது வளைவில் தனியார் பேருந்து ஒன்று கவிழ்ந்து உயிர்ப்பலி ஏற்பட்டது. வாடகை வண்டி எடுத்தால் டிரைவருக்கு மலை அனுபவம் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளைகளை டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது நாலாவது வரிசைக்குள் உட்கார வையுங்கள். பின் இருக்கையில்தான் வளைவில் ஆட்டம் அதிகம். கையில் போன் கொடுக்கக் கூடாது, கண் சாலையைப் பார்க்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் குமட்டும், வெறும் வயிற்றிலும் குமட்டும், இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, பஸ் கிளம்ப அரை மணி நேரம் முன்பே கொடுத்தால்தான் வேலை செய்யும். முதல் வளைவில் கொடுத்துப் பயனில்லை.

தங்கும் இடம்

ஒண்டிக்கடை ரவுண்டானா, ஏரி, பஸ் ஸ்டாண்டு. இந்த மூன்றுக்கும் நடந்து போகும் தூரத்தில் அறை இருந்தால் வண்டியே வேண்டாம். இணையத்தில் அழகாகத் தெரியும் காட்டேஜ்கள் பல நாகலூர் சாலையிலும் மஞ்சக்குட்டை பக்கமும் எஸ்டேட்டுகளுக்குள்ளே இருக்கின்றன. விலை குறைவாகத் தெரியும். ஆனால் ராத்திரி தோசை சாப்பிட வேண்டுமென்றாலும் ஆட்டோதான். போக வர ஆகும் காசைச் சேர்த்தால் ஊருக்குள் இருக்கும் அறையே மலிவு. சில இடங்களுக்குக் கடைசி அரை கிலோமீட்டர் எஸ்டேட் மண் பாதை. கோடை மழை ஒன்று பெய்தால் சின்ன காரின் அடி இடிக்கும். அந்திக்கு மேல் அந்தப் பக்கம் காட்டெருமை நடமாட்டமும் உண்டு, நடந்து வருவதற்கு ஏற்றதல்ல.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இடம் என்று பார்த்தால் அதை அடிக்க ஆளில்லை. கழகத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம், இடைத்தரகர் வேண்டாம். சீசனுக்குத் தனி விலை என்பதால் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மே மாத அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மார்ச்சிலேயே பார்த்து வையுங்கள்.

தனியார் லாட்ஜ், காட்டேஜ் என்றால் முன்பணம் அனுப்பும் முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். “ஏரிக்கு மிக அருகில்” என்றால் ஒண்டிக்கடையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? நாள் கணக்கு 24 மணி நேரமா, மதியம் 12-லிருந்து மறுநாள் 11 வரையா? நாலாவது ஆளுக்கும் பிள்ளைக்கும் எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு, அதில் மெத்தை கட்டிலோடு வருமா, தரையில் விரிப்பதா? வெளிச் சாப்பாடு கொண்டுவரலாமா? வாடகையில் வரி சேர்ந்ததா? 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பழைய பழக்கத்தில் 12 போட்டு பில் கொடுத்தால் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். மே மாதத்தில் மலை மேல் தண்ணீர் தட்டுப்பாடு புதிதல்ல, பல விடுதிகள் டேங்கர் வாங்கித்தான் சமாளிக்கின்றன. “சுடுதண்ணீர் உண்டு” என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பொது பாய்லர் என்றால் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான், அதிலும் கடைசி மாடி அறைக்கு வருவதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். குளியலறையிலேயே ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். சாவியை வாங்கும் முன் குழாயைத் திறந்து இரண்டு நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்கள், ஹீட்டர் விளக்கு எரிகிறதா பாருங்கள், கம்பளியை மூக்கருகே வைத்துப் பாருங்கள். தரைத்தள மூலை அறைகளில் ஓதம் ஏறிக் கம்பளியும் தலையணையும் பூசண வாடை அடிக்கும். அதே விலையில் முதல் மாடி கேட்டால் வார நாளில் மாற்றிக் கொடுப்பார்கள். சனிக்கிழமை கேட்டால் முறைப்பார்கள்.

முன்பணத்தில் ஏமாறுவதும் நடக்கிறது. வேறு ஏதோ காட்டேஜின் படத்தைப் போட்டு, வாட்ஸ்அப்பில் பேசி, தனி ஆள் பெயருக்கு முழுப் பணத்தையும் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வரைபடத்தில் உள்ள எண்ணுக்குத் தனியாக அழைத்து, அந்தத் தேதிக்கு உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேட்ட பிறகு கால் பங்கு அனுப்பினால் போதும்.

சமையலறையோடு வீடு எடுப்பது இரண்டு குடும்பம் சேர்ந்து போகும்போதுதான் லாபம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்த துவரம் பருப்பு எளிதில் மசியாது. அங்கே இருக்கும் பாத்திரங்களை நம்பாமல் சின்ன குக்கர் ஒன்றை மூட்டையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்கும் இடங்கள்

பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் மலை, லேடீஸ் சீட். நேரம் குறைவென்றால் இந்த மூன்று போதும். பகோடா பாயின்ட் ஆத்தூர் பக்கத்துச் சமவெளியைப் பார்த்து நிற்கிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் போன பிறகு, நாலு மணிக்கு மேல் போனால் கீழே ஊர்களும் ஏரிகளும் தெளிவாகத் தெரியும். சேர்வராயன் மலை உச்சி 1,623 மீட்டர். மேலே விரிந்த புல்வெளி, நிற்க விடாத காற்று. குகைக்குள் இருக்கும் கோயிலில் குனிந்துதான் போக வேண்டும். முட்டி வலி உள்ள பெரியவர்கள் வெளியிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம். லேடீஸ் சீட்டில் நடுப்பகலில் மே மாதப் புழுதி மூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. காலை எட்டு மணிக்குள் போங்கள், அல்லது இருட்டியதும் சேலத்து விளக்குகளைப் பார்க்கப் போங்கள்.

தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963-ல் தொடங்கப்பட்டது. செடிகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பூச்சி தின்னும் குடுவைச் செடியைக் காட்டினால் பிள்ளைகளும் நிற்பார்கள்.

படகு இல்லத்துக்குக் காலையில் திறந்ததும் போய்விட வேண்டும். மாலை நாலு மணிக்கு மேல் வரிசை நீளும், அரை மணி நேரச் சவாரிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க நேரும். மிதி படகுக்கு முன்வைப்புத் தொகை வாங்குவார்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். நேரம் தாண்டினால் அதில்தான் பிடிப்பார்கள். ஏரியின் நடுவுக்குப் போனதும் காற்று எதிர்த்தால் இரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்து மிதிப்பவர் பாடு திண்டாட்டம். இரண்டு பெரியவர்கள் மிதியுங்கள், அல்லது துடுப்புக்காரர் ஓட்டும் படகை எடுங்கள்.

கிளியூர் அருவியை மே மாதத்தில் தாராளமாக விட்டுவிடலாம். 300 அடி அருவி என்று பலகை சொல்லும். ஏரி நிரம்பி வழிந்தால்தான் அதற்குத் தண்ணீர், கோடையில் பாறைதான் தெரியும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, திரும்பி ஏறும் படிகள்தான் மூச்சை வாங்கும்.

ஜீப், கார்க்காரர்கள் “ஏழு பாயின்ட், எட்டு பாயின்ட்” என்று மொத்தமாகப் பேசுவார்கள். அந்த எட்டில் எண்ணெய்க் கடையும் சாக்லேட் கடையும் இரண்டு பாயின்ட்டாக வந்து நிற்கும். பெயர் பெயராகக் கேட்டு, அந்த இரண்டைத் தள்ளிவிட்டு, பகோடாவில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்று முன்பே சொல்லிப் பேசுங்கள். வார நாளில் பேரம் படியும். அரை நாளுக்கு ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் ஒதுக்கி வையுங்கள். ஊரைச் சுற்றி 32 கிலோமீட்டர் வளையச் சாலை ஒன்று இருக்கிறது. காபித் தோட்டங்களுக்கும் மலைக் கிராமங்களுக்கும் நடுவே போகும் சாலை. சொந்த வண்டிக்காரர்களுக்குப் பாயின்ட் எல்லாவற்றையும்விட அதுவே மேல், டிக்கெட்டும் கிடையாது.

சாப்பாடு, கடைகள்

சாப்பாட்டில் ஏற்காடு சுமார்தான். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மெஸ்களில் மதியச் சாப்பாடு சூடாக, நியாயமான விலையில் கிடைக்கும். ஏரிக்கரையில் அதே தட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சாயங்காலக் குளிரில் மிளகாய் பஜ்ஜி நன்றாகவே இருக்கும், வாணலியிலிருந்து எடுத்துக் கொடுப்பதை மட்டும் வாங்குங்கள். முதல் நாளுக்குக் கட்டிக்கொண்டு போன புளிசாதம் மறுநாள் காலை வரை தாங்கும். தயிர் சாதம் சேலம் வெயில் தாண்டுவதற்குள் புளித்துவிடும், அதை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வாங்குவதற்குத் தகுந்தது மிளகும் காபியும். மிளகு அறுவடை பங்குனிக்குள் முடிந்துவிடுவதால் மே மாதத்தில் புதுச் சரக்கு இருக்கும். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு அமிழும், பப்பாளி விதை மிதக்கும். காபித்தூள் பொட்டலத்தில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். சட்டப்படி 49 வரை கலக்கலாம், அதனால் விலை குறைவாகச் சொன்னால் எண்ணைப் பாருங்கள். கொட்டையாக வறுத்துக் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடையில் கால் கிலோ வாங்கினால் போதும், வாசனை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நிற்காது. பலாப்பழம் சீசன்தான், சுளையாக வாங்கிச் சாப்பிடுங்கள். முழுப் பழத்தை பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் முகம் கோணும். ஆரஞ்சு குளிர்காலத்துச் சரக்கு. மே மாதத்தில் சாலையோரம் குவிந்திருப்பதை மலைப்பழம் என்று நம்பி விலை கொடுக்க வேண்டாம்.

ஏற்காடு வேண்டாம் என்றால்

ஏலகிரி 1,100 மீட்டர்தான், 14 வளைவு. பாண்டியிலிருந்து திருவண்ணாமலை வழியாகப் போகலாம். நடுப்பகல் ஏற்காட்டைவிடச் சூடு, ஒரு ராத்திரிக்கு மேல் தங்க வேலை இல்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். இளவட்டங்களுக்குச் சரி, சின்னப் பிள்ளைகளும் பாட்டியும் உள்ள குடும்பத்துக்குத் தண்டனை. கல்வராயன் மலை கள்ளக்குறிச்சியிலிருந்தே ஏறிவிடலாம் என்பதால் கடலூர்காரர்களுக்கு மிக அருகில், செலவும் மிகக் குறைவு. கரியாலூர் பக்கம் அமைதியாகவும் இருக்கும். ஆனால் தங்கும் அறைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அறை உறுதியாகாமல் குடும்பத்தோடு ஏறக் கூடாது.

நாலு பேர், இரண்டு ராத்திரி

வார நாளில், பஸ்ஸில் போனால் பயணத்துக்கு 1,300, அறைக்கு 3,600, ஜீப்புக்கு 1,800, படகுக்கும் நுழைவுக்கும் 800, சாப்பாட்டுக்கு 3,500. பதினோராயிரம் வந்துவிட்டது. மருந்து, தண்ணீர், மிளகு, காபி என்று ஆயிரம் தனியாக வையுங்கள். இதே திட்டத்தை வெள்ளி ராத்திரி கிளம்பி வாடகைக் காரில் செய்தால் காரும் அறையும் மட்டுமே பதினேழாயிரத்தைத் தாண்டும்.

துணிமணியில் ஆளுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டரோ சால்வையோ போதும், ஜெர்கின் மூட்டையைத்தான் கனமாக்கும். குடை கட்டாயம், சாயங்காலம் இடி மழை சொல்லாமல் வரும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒரு நாள் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே அரசு மருத்துவமனை உண்டு, பெரிய அவசரம் என்றால் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குத்தான் இறங்க வேண்டும்.

திரும்பும் நாளில் பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ததும் இறங்கிவிடுவது நல்லது. மாலை பஸ் கூட்டமாக இருக்கும், ஏற்காட்டில் ஏறும்போதே இடம் கிடைக்காது. மதியம் சேலத்தில் ஏறினால் ராத்திரி எட்டு மணிக்குள் பாண்டி. அந்தப் பஸ்ஸில் ஆத்தூர் வரை வெயில் இடது பக்கத்து ஜன்னலில்தான் விழும். வலது பக்கம் பார்த்து உட்காருங்கள்.